பூட்டுப் போடாத பேராசிரியர்: ஜான் கெமனி



யாராவது ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதிக் கொடுங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். காந்தியடிகள், காமராசர், கணித மேதை ராமானுஜன் எல்லாரும் இது போன்ற மலர்களில் பலமுறை வந்துவிட்டார்கள். நான் எழுத நினைத்தவர் நம் நாட்டுக்காரர் அல்லர். ஆனால் அவர் செய்த ஒரு பொருள் புளியங்குடிக்காரனான என் கை வரைக்கும் வந்து சேர்ந்தது. அது எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. கல்லூரி விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், நாங்கள் நாலு பேர் புளியங்குடியிலிருந்து பஸ் பிடித்து சங்கரன்கோவிலுக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போவோம். ஒரு மாடியில் இரண்டே அறை. மூன்று கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழையணும், கோயில் மாதிரி. ஹார்ட் டிஸ்க் எல்லாம் கிடையாது. ஒரு பிளாப்பியைச் செருகினால் டாஸ் வரும், அடுத்த பிளாப்பியைச் செருகினால் ஜி.டபிள்யூ. பேசிக் வரும். பத்து, இருபது, முப்பது என்று வரி எண் போட்டு எழுதி, ரன் என்று தட்டினால் திரையில் நம்ம பெயர் வரிசையாக ஓடும். அன்றைக்கு அது பெரிய அதிசயம்.

சொல்லிக்கொடுத்த சார், ஆளுக்கு ஒரு பிளாப்பி வாங்கி வரச் சொல்லி, பேசிக்கை அதில் காப்பி போட்டுக் கொடுத்தார். எங்களில் ஒருவன், காசு கொடுக்காமல் காப்பி பண்ணுகிறோமே, இது களவு இல்லையா சார் என்று கேட்டுவிட்டான். சார் சிரித்துக்கொண்டே அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். கேட்டவன் மறந்துவிட்டான். எனக்குத்தான் மறக்கவில்லை. அந்தப் பிளாப்பிக்குள் இருந்தது யாருடைய சொத்து? இதற்கு விடை தேடப் போய்த்தான் ஜான் கெமனி என்ற மனிதரைத் தெரிந்துகொண்டேன்.

புடாபெஸ்டிலிருந்து நியூயார்க்

ஜான் ஜார்ஜ் கெமனி 1926-ஆம் ஆண்டு மே 31 அன்று ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஹிட்லரின் நிழல் ஐரோப்பா முழுவதும் விழத் தொடங்கிய நேரம். வரப்போவதை உணர்ந்த தந்தை 1938-ல் தனியாக அமெரிக்கா போய், 1940-ல் குடும்பத்தை அங்கே வரவழைத்துக்கொண்டார். தாத்தா மட்டும் ஊரை விட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்டார். பின்னால் நாஜிகளின் கொடுமையில் அவரும் வேறு சில உறவினர்களும் மாண்டார்கள்.

பதினான்கு வயதில் நியூயார்க் வந்து இறங்கிய பையன், அங்குள்ள ஒரு பொதுப் பள்ளியில் சேர்ந்து மூன்றே ஆண்டில் முதல் மாணவனாக வெளியே வந்தான். அடுத்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். கணிதமும் தத்துவமும் பாடம்.

படிப்புக்கு நடுவில், 1945-ல், லாஸ் அலமாஸில் நடந்த அணுகுண்டுத் திட்டத்தின் கணக்குப் பிரிவுக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே மேலே இருந்தவர் ரிச்சர்ட் ஃபெயின்மன். இப்போது நாம் நினைக்கிற கம்ப்யூட்டர் அங்கே இல்லை. கம்பெனிகளில் வரவு செலவு பார்க்கும் அட்டை இயந்திரங்களை வரிசையாக நிறுத்தி, இரவு பகலாக ஷிஃப்ட் போட்டு ஓட்டினார்கள். ஒரு கணக்கு முடிய வாரக்கணக்கில் ஆகும். பிற்காலத்தில் தன் கல்லூரியில் ஒரு மாணவன் அவ்வளவு வேலையையும் ஒரே பிற்பகலில் முடித்துவிட முடியும் என்று கெமனி வியப்போடு சொல்வதுண்டு. அதே லாஸ் அலமாஸில்தான், வரப்போகும் கம்ப்யூட்டர் எப்படி இருக்கும் என்று ஜான் வான் நாய்மன் ஆற்றிய சொற்பொழிவைக் கேட்டார். அந்த நினைப்பு அவரை விடவே இல்லை.

திரும்பி வந்து, தர்க்கவியல் மேதை அலன்சோ சர்ச்சிடம் ஆராய்ச்சி செய்து 1949-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தச் சமயத்தில் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராகவும் இருந்தார். இருபத்திரண்டு வயதில் எவ்வளவு பெரிய பாக்கியம்!

சின்ன ஊர், பெரிய எண்ணம்

இப்படிப்பட்டவர் பெரிய நகரத்துப் பல்கலைக்கழகம் எதிலாவது போய் உட்கார்ந்திருக்கலாம். 1953-ல் அவர் போனது நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹானோவர் என்ற சின்ன ஊரில் இருந்த டார்ட்மத் கல்லூரிக்கு. 27 வயதில் பேராசிரியர். 1955-ல் கணிதத் துறைத் தலைவர். அடுத்த ஆண்டு தாமஸ் கர்ட்ஸ் என்ற இளம் கணித ஆசிரியரைச் சேர்த்துக்கொண்டார். இருவரும் கடைசி வரை இணைபிரியாமல் வேலை செய்தார்கள்.

அன்றைக்கு டார்ட்மத்தில் கம்ப்யூட்டர் இல்லை. கணக்குகளை அட்டையில் துளையிட்டு எடுத்துக்கொண்டு, கர்ட்ஸ் ரயிலேறி பாஸ்டன் பக்கம் எம்.ஐ.டி.க்குப் போவார். புரோகிராமில் ஒரு கமா தப்பினால் அடுத்த பயணம் வரைக்கும் காத்திருக்கணும். சின்ன ஊரில் இருந்துகொண்டு பெரிய ஊர் மெஷினுக்கு பஸ் பிடித்து ஓடிய நமக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

அன்று கம்ப்யூட்டர் என்றால் விஞ்ஞானிக்கும் பொறியாளருக்கும் உரியது. கெமனியும் கர்ட்ஸும் வேறு மாதிரி யோசித்தார்கள். டார்ட்மத்தில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கலைப்பாடம் எடுப்பவர்கள். நாளைக்கு நாட்டிலும் தொழிலிலும் முடிவெடுக்கிற இடத்தில் உட்காரப் போகிறவர்களும் அவர்கள்தான். கம்ப்யூட்டர் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரியாமல் அவர்கள் எப்படி முடிவெடுப்பார்கள்? ஆகவே எல்லா மாணவர்களும் தொட்டுப் பார்க்கணும். நூலகத்தில் யார் வேண்டுமானாலும் போய் அலமாரியில் இருந்து புத்தகம் எடுக்கிற மாதிரி, கம்ப்யூட்டரும் அனுமதி கேட்காமல், காசு கேட்காமல் கிடைக்கணும்.

இதற்கு இரண்டு வேலை செய்யவேண்டியிருந்தது. ஒரே மெஷினைப் பலரும் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ள வழி செய்யணும். அதைவிட, அப்போதிருந்த ஃபோர்ட்ரான், அல்கால் போன்றவற்றைவிட எளிமையான ஒரு மொழி வேணும். பகிர்வு கர்ட்ஸின் யோசனை. புது மொழி கெமனியின் யோசனை. அதற்கான மொழிபெயர்ப்பியை, அதாவது கம்பைலரை, 1963 கோடையில் கெமனி எழுதத் தொடங்கினார். பகிர்வுக்கான வேலையில் பெரும் பங்கு பட்டப்படிப்பு மாணவர்கள் செய்தது. இதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1964 மே 1, விடியற்காலை சுமார் நாலு மணி. கெமனியும் ஒரு மாணவரும் இரண்டு டெலிடைப்புகளில் உட்கார்ந்து தங்கள் புரோகிராம்களை ஒரே நேரத்தில் ஓட்டினார்கள். இரண்டுக்கும் சரியான விடை வந்தது. பேசிக் பிறந்தது. ஹங்கேரி மொழியில் கெமனி என்றால் கடினம் என்று பொருள். பெயரில் கடினத்தை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை எளிமையாக்கினார் மனிதர்.

யாரும் எடுக்கலாம்

மொழி ஆயிற்று. அதை என்ன செய்தார்கள் என்பதுதான் கதையின் நடு.

டார்ட்மத் அதற்குப் பூட்டுப் போடவில்லை. கம்பைலரைக் காசில்லாமல் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு டெலிபோன் கம்பி வழியாக இணைப்புக் கொடுத்தார்கள். மொழியின் விதிகளைச் சின்னக் கையேடாக வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் மென்பொருளை மெஷினோடு சேர்த்தே கொடுத்துவிடுவார்கள். ஐ.பி.எம். நிறுவனமே 1969-ல்தான் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. லைசென்ஸ் எழுதி வைக்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

இங்கே ஒரு விஷயத்தை விளக்கிவிட வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் மொழி வேறு, அதை மெஷினில் ஓடவைக்கும் மென்பொருள் வேறு. திருநெல்வேலி அல்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமைப் பால், சீனி, நெய் என்று செய்முறை எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு கடையில் கிண்டி வைத்த அல்வா அந்தக் கடைக்காரருடைய சரக்கு. அதைக் கேட்காமல் எடுத்தால் களவு. அதே செய்முறையில் நம் வீட்டு அடுப்பில் நாமே கிண்டினால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கெமனி தன் கடை அல்வாவையும் சும்மா கொடுத்தார், செய்முறையையும் சொல்லிக்கொடுத்தார்.

விளைவு? பேசிக் காட்டுத்தீ மாதிரி பரவியது. ஒவ்வொரு கம்ப்யூட்டர் கம்பெனியும் தன் மெஷினுக்கு ஒரு பேசிக் எழுதிக்கொண்டது. 1975-ல் ஆல்டேர் என்ற சின்னக் கம்ப்யூட்டருக்காக பில் கேட்ஸும் பால் ஆலனும் ஒரு பேசிக் எழுதினார்கள். மைக்ரோசாஃப்ட் கம்பெனி தொடங்கியதே அந்தச் சரக்கை வைத்துத்தான். டார்ட்மத்துக்கு அவர்கள் ஒன்றும் கட்டவேண்டியிருக்கவில்லை. ஆனால் தங்கள் பேசிக்கை அவர்கள் விலைக்கு விற்றார்கள். ஆர்வலர்கள் அந்தக் காகித நாடாவைப் படியெடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்தபோது, கேட்ஸ் 1976 பிப்ரவரியில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, இது திருட்டு என்று கண்டித்தார். உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா என்பது அவர் பக்கத்து நியாயம்.

மற்றவர்கள் எடுத்த இன்னொரு வழிதான் அழகு. நாமே ஒன்று எழுதுவோம் என்று கிளம்பினார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்னிஸ் ஆலிசன் டைனி பேசிக் என்ற சிறிய வடிவத்துக்குத் திட்டம் வகுத்துக் கொடுத்தார். ஆளாளுக்கு எழுதிப் பத்திரிகையில் முழுதாக அச்சிட்டார்கள். லீ-சென் வாங் என்பவர் எழுதியது இரண்டு கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. அதன் தலைப்பில், காப்பிரைட் என்ற சொல்லைத் திருப்பிப் போட்டு காப்பிலெஃப்ட் என்று கேலியாகக் குறித்திருந்தார். அந்தக் கேலிச் சொல்லே பின்னால் ஒரு கொள்கையின் பெயராயிற்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ல் வெளியிட்ட ஜி.பி.எல். என்ற லைசென்ஸ் அந்தக் கொள்கையைச் சட்ட மொழியில் எழுதியது. எடுத்துக்கொள், மாற்றிக்கொள், ஆனால் நீ அடுத்தவனுக்குக் கொடுக்கும்போது அதே உரிமையோடு கொடு என்பது அதன் சாரம்.

பிள்ளையை அடையாளம் தெரியாத தகப்பன்

கெமனி இதற்கிடையில் வேறு பொறுப்புகளில் மூழ்கியிருந்தார். 1970-லிருந்து 1981 வரை டார்ட்மத்தின் தலைவர். இருநூறு ஆண்டாக ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் 1972-ல் பெண்களைச் சேர்த்தது அவர் காலத்தில்தான். பழங்குடி இந்திய மக்களின் பிள்ளைகளைப் படிக்க வைப்பது அந்தக் கல்லூரி தொடங்கிய நோக்கங்களில் ஒன்று. அதை மறந்துபோயிருந்த கல்லூரிக்கு அவர் நினைவூட்டி, அந்த மாணவர்களைத் தேடிச் சேர்த்தார். இவ்வளவு வேலையிலும் வகுப்பெடுப்பதை நிறுத்தவில்லை. 1979-ல் த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தபோது, அதை விசாரிக்க அதிபர் கார்ட்டர் அமைத்த குழுவுக்கு அவரே தலைவர்.

பதவி முடிந்து திரும்பிப் பார்த்தால், பேசிக் உலகமெல்லாம் இருந்தது. ஆனால் அவருடைய பேசிக்காக இல்லை. டார்ட்மத்தில் ஆண்டுக்கு ஆண்டு மொழியைச் செம்மைப்படுத்திக்கொண்டே வந்திருந்தார்கள். வரி எண்ணை நம்பி அங்கும் இங்கும் தாவும் கோட்டு கட்டளை அங்கே வேண்டாத பழக்கம் ஆகியிருந்தது. வெளியே கடைகளில் விற்ற சின்னக் கம்ப்யூட்டர்களிலோ, நினைவகம் குறைவு என்பதால், பழைய, வெட்டிச் சுருக்கிய வடிவமே ஓடியது. ஒரு மெஷினில் எழுதியது இன்னொன்றில் ஓடாது. 1984-ல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோவில் ஒரு பேசிக், நாங்கள் சங்கரன்கோவிலில் படித்த பி.சி.யில் வேறொரு பேசிக். டைக்ஸ்ட்ரா என்ற பெரிய அறிஞர், பேசிக் படித்த மாணவனை இனிமேல் திருத்தவே முடியாது என்ற அளவுக்குக் கடுமையாக எழுதிவிட்டார். பழி கெமனியின் பிள்ளைக்கு. வளர்த்தது ஊரார்.

கெமனியும் கர்ட்ஸும் இதைத் தெருவில் திரியும் பேசிக் என்றே பேசினார்கள். 1983-ல் இருவரும் சேர்ந்து ட்ரூ பேசிக், அதாவது மெய்யான பேசிக், என்ற பெயரில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். எந்த மெஷினிலும் ஒரே மாதிரி ஓடும் ஒழுங்கான மொழி. 1985-ல் பேசிக்கின் வரலாற்றையும் அது கெட்ட கதையையும் ஒரு புத்தகமாகவே எழுதினார்கள். கர்ட்ஸ் பொறுப்பேற்றிருந்த தரக்குழு முழு வடிவத்துக்கு அமெரிக்கத் தரநிர்ணயம் வாங்க 1987 ஆயிற்று. அதற்குள் உலகம் வேறு பக்கம் போய்விட்டது. இலவசமாகக் கொடுத்தது உலகம் பூராவும் பரவியது. காசு கேட்ட நல்ல சரக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

1992 டிசம்பர் 26 அன்று, 66 வயதில், இதய நோயால் கெமனி காலமானார். கூடவே உழைத்த கர்ட்ஸ் 96 வயது வரை இருந்து 2024 நவம்பரில் மறைந்தார்.

நமக்கு என்ன?

அவர் செய்தது தவறா? பலமுறை யோசித்திருக்கிறேன். பூட்டுப் போட்டு, அனுமதி வாங்கியவர்தான் பேசிக் எழுதலாம் என்று சொல்லியிருந்தால், மொழி சுத்தமாக இருந்திருக்கலாம். ஆனால் அது ஹானோவரைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும்? சங்கரன்கோவில் மாடிக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன். கொடுத்தது தவறில்லை. கொடுக்கும்போது பெயரையாவது காப்பாற்றி வைத்திருக்கலாம். யார் வேண்டுமானாலும் அல்வா கிண்டலாம், ஆனால் இந்தப் பெயரைப் போட்டால் இந்தப் பக்குவம் இருக்கணும் என்று ஒரு நிபந்தனை.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதைப் பாடமாக எடுத்துக்கொண்ட மாதிரிதான் தெரிகிறது. இன்று நம் மாணவர்கள் படிக்கும் பைத்தான் மொழியை யாரும் இலவசமாக எடுக்கலாம், மாற்றலாம். பைபை மாதிரி தனியாக இன்னொரு வடிவமும் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் பைத்தான் என்ற பெயருக்கு உரிமை ஒரு அறக்கட்டளையிடம் இருக்கிறது. ஜாவா மொழியின் இடைமுகங்களை கூகுள் தன் ஆண்ட்ராய்டில் எடுத்துத் திரும்ப எழுதியதற்கு ஆரக்கிள் கம்பெனி வழக்குப் போட்டு, பத்து வருஷத்துக்கு மேல் இழுத்து, 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூகுள் செய்தது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்புச் சொன்னது. நம் தமிழிலேயே முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழி கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கிறது. கெமனி தொடங்கி வைத்த காரியம்தான் இதெல்லாம்.

இனி அந்தப் பிளாப்பி விஷயம். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-லேயே கம்ப்யூட்டர் புரோகிராமையும் இலக்கியப் படைப்பாகச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே நண்பன் கேட்டது சரியான கேள்விதான். அந்தக் காப்பி முறையானதில்லை. பிளாப்பிக்குள் இருந்த மென்பொருள் மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தம். அது பேசிய மொழி மட்டும் கெமனி நமக்கெல்லாம் கொடுத்த சீதனம். 2020 மே மாதம், அந்த ஜி.டபிள்யூ. பேசிக்கின் மூல நிரலை மைக்ரோசாஃப்டே எம்.ஐ.டி. லைசென்ஸில் எல்லாருக்கும் திறந்து விட்டது. உரிமைக் குறிப்பை அழிக்காமல் வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பது அந்த லைசென்ஸ். முப்பது வருஷம் மனதில் இருந்த கணக்கு அன்றைக்குத் தீர்ந்த மாதிரி இருந்தது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி வருஷம் புராஜெக்ட் செய்கிறீர்கள். பைண்டு பண்ணிக் கொடுத்ததோடு அது அலமாரியில் தூங்கிவிடுகிறது. வெளியே எல்லாருக்கும் தெரியும்படி வையுங்கள். வைக்கும்போது அதில் ஒரு லைசென்ஸ் குறிப்பையும் சேருங்கள். ஒன்றும் எழுதாமல் வைத்தால், சட்டப்படி அடுத்தவர் அதைத் தொடக்கூடாது என்றுதான் அர்த்தம். கெமனி காலத்தில் அந்த வசதி இல்லை. உங்களுக்கு இருக்கிறது. திருப்பிக் கொடுக்கணும் என்று நினைத்தால் ஜி.பி.எல்., எடுத்துக்கொண்டு போகட்டும் என்று நினைத்தால் எம்.ஐ.டி. எதுவானாலும் யோசித்துக் கொடுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது, யார் யார் என்னென்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்பேன்.

அன்புடன்,
புளியங்குடியிலிருந்து ஒரு முன்னாள் மாணவன்